பெயர் இல்லாமல் பாலக்கோடு வந்த கான்ட்ரா

ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1987 பிப்ரவரியில் ஆர்கேட் கூடங்களில் இறக்கிய துப்பாக்கிச் சண்டை விளையாட்டு 'கான்ட்ரா'. அதுவும் அதன் உடன்பிறப்புகளும் 2019 ஜூன் 11 அன்று 'கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன்' என்ற ஒரே தொகுப்பாக மறுவெளியீடு கண்டன. இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் ஓடிய 32 ஆண்டுகளில்தான் அந்த விளையாட்டு தமிழ்நாட்டின் சிறு நகரங்களுக்கு வந்து, பரவி, மறைந்தது. தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு அத்தகைய ஊர்களில் ஒன்று. உலகம் மறுவெளியீடு என்று சொன்னதை இந்த ஊர்களின் கணக்கில் முதல் வெளியீடு என்றே சொல்லிவிடலாம். அதுவரை அங்கே கைக்கு எட்டிய கான்ட்ராவில் அதைச் செய்தவர்களின் பெயரே பெரும்பாலும் இருந்ததில்லை.

விளையாட்டின் கதை எளிது. பில் ரைசர், லான்ஸ் பீன் என்ற இரண்டு வீரர்கள். கலூகா என்ற தீவில் 'ரெட் ஃபால்கன்' படையை ஒழிக்க வேண்டும். கொனாமி இந்தக் கதையை 2633-ஆம் ஆண்டில் நடப்பதாக வைத்தது. வீட்டுக் கருவிக்கான பதிப்பு 1988 பிப்ரவரியில் வந்தது. அதில் மொத்தம் எட்டு ஸ்டேஜ்: காடு, ராணுவத் தளம், அருவி, இன்னொரு தளம், பனி நிலம், ஆற்றல் நிலையம், கிடங்கு, கடைசியில் வேற்றுக்கோள் உயிரியின் குகை. ஒரு குண்டு பட்டால் ஒரு உயிர் போகும். கையில் இருப்பது மூன்றே உயிர். பறந்து வரும் பெட்டிகளைச் சுட்டால் ஆங்கில எழுத்து பொறித்த ஆயுதம் விழும். 'எஸ்' விழுந்தால் ஒரே அழுத்தத்தில் ஐந்து குண்டுகள் விசிறிபோல் விரியும். அது கையில் இருக்கும்வரை ஆட்டம் நம்முடையது. அதை இழந்து வெறும் துப்பாக்கியோடு நிற்கும்போதுதான் கான்ட்ராவின் உண்மையான கடுமை தெரியும்.

இந்த வீட்டுப் பதிப்பு ஓடியது நின்டென்டோவின் 'ஃபேமிகாம்' கருவியில். 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் 14,800 யென் விலைக்கு வந்த எட்டு பிட் கருவி அது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதற்குப் பெயர் 'நெஸ்'. இரண்டும் சேர்ந்து உலகெங்கும் 6 கோடிக்கு மேல் விற்றன. ஆனால் அந்தக் கணக்கில் சேராத இன்னொரு பெருங்கூட்டம் உண்டு. ஃபேமிகாமின் உள்ளே இருந்த இரண்டு முக்கியச் சில்லுகளை, அதாவது கணக்குப் போடுவதையும் படம் வரைவதையும், தைவானின் யூஎம்சி நிறுவனம் நகலெடுத்துத் தயாரித்தது. அந்தச் சில்லுகளை வாங்கி ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்துவிட்டால் ஃபேமிகாம் போலவே வேலை செய்யும் கருவி தயார். ரஷ்யாவில் 1992-இல் அது 'டெண்டி' என்ற பெயரில் விற்கப்பட்டது, போலந்தில் 'பெகாசஸ்' என்று. சீனாவில் விசைப்பலகை பொருத்தி, பிள்ளைகள் படிப்பதற்கான கணினி என்று விற்றார்கள். நின்டென்டோ கடை விரிக்காத நாடுகளில் எல்லாம் அதன் விளையாட்டுகள் இப்படித்தான் போய்ச் சேர்ந்தன.

இந்தியாவின் கதை இறக்குமதிக் கட்டுப்பாட்டோடு பின்னிக் கிடக்கிறது. நெஸ் கருவி இங்கே 'சாமுராய்' என்ற பெயரில் விற்கப்பட்டது உண்டு. ஆனால் பெரு நகரங்களைத் தாண்டி அது அதிகம் போகவில்லை. 1991-இன் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பிறகும் நுகர்பொருள் இறக்குமதி முழுதாகத் திறந்துவிடப்படவில்லை. கடைசி 715 பொருள்களுக்கான அளவுக் கட்டுப்பாடு 2001 ஏப்ரல் 1 அன்றுதான் நீங்கியது. அதுவரை வெளிநாட்டு மின்னணுப் பொருள் என்றால் ஊருக்கு வந்தவர் பெட்டியில் கொண்டுவந்தது, இல்லையேல் சென்னை பர்மா பஜார் போன்ற இடங்களில் கிடைப்பது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969-இல் உருவான அந்தக் கடைவரிசை, வெளிநாட்டுச் சாமானுக்கே பெயர்போனது. ஃபேமிகாம் நகல்களை உதிரிகளாகக் கொண்டுவந்து இங்கேயே பூட்டி, உள்ளூர்ப் பெயர் ஒட்டி விற்ற நிறுவனங்களும் உண்டு. 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்' போன்ற பெயர்கள் 1990-களில் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குத் தெரிந்தவை.

சட்டத்தின் நிலையையும் சொல்லிவிட வேண்டும். கணினி நிரல்களைப் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவந்த திருத்தம் 1984-லேயே வந்துவிட்டது. ஆகவே கான்ட்ராவை அனுமதியின்றி நகலெடுத்த கேசட், இந்தியாவுக்குள் நுழைந்த முதல் நாளிலிருந்தே முறைகேடானது. ஆனாலும் வாங்கியவரைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. முறையான கேசட் எது, நகல் எது என்று ஒப்பிட்டுப் பார்க்க அவர் முன் இரண்டு பொருள் இருந்ததில்லை.

பாலக்கோட்டின் இருப்பிடம் இந்தக் கதையில் முக்கியம். தருமபுரியிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூருக்குப் போகும் சாலையில், சேலம்–பெங்களூரு ரயில் பாதையில் இருக்கும் ஊர் இது. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் தக்காளி மார்க்கெட்டும் ஊரின் அடையாளங்கள். பெங்களூரு சுமார் 100 கி.மீ. தூரம். சென்னையோ ஏறக்குறைய மூன்று மடங்கு. தமிழ்நாட்டின் பிற பகுதிகளுக்குச் சென்னையின் ரிச்சி தெருவும் பர்மா பஜாரும் இருந்த இடத்தில், தருமபுரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்குப் பெங்களூரின் மின்னணுக் கடைவீதிகள் இருந்தன. எஸ்.பி. ரோடும் மெஜஸ்டிக்கைச் சுற்றிய கடைகளும் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போனவர்களின் காலடியில்தான் கிடந்தன. பண்டிகைக்கு ஊர் திரும்பும் பையில் துணிமணியோடு, 'டிவி கேம்' என்று அழைக்கப்பட்ட இந்த நகல் கருவியும் ஏறுவதற்கு இந்த வழி போதுமானதாக இருந்தது. சொந்தமாக வாங்க முடியாதவர்களுக்கு வாடகை முறை இருந்தது. சிறு நகரங்களில் வீடியோ கேசட் வாடகைக்கு விட்ட கடைகள் பல, டிவி கேமையும் மணிக்கணக்கில் ஆட விட்டன, அல்லது நாள் வாடகைக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பின. முழுப் பரீட்சை லீவுதான் அவர்களுக்குச் சீசன்.

கருவியை டிவியோடு சேர்ப்பது ஒரு சிறு வேலை. சாலிடேர், டயனோரா, ஒனிடா என்று எந்த டிவியாக இருந்தாலும் முதலில் ஆன்டனா ஒயரை, பின்னாளில் கேபிள் ஒயரை, பின்பக்கத்திலிருந்து உருவ வேண்டும். அந்த ஓட்டையில் டிவி கேமின் ஒயர் போகும். 9 வோல்ட் அடாப்டரைச் சொருகி, டிவியின் சேனல் குமிழைத் திருகிக்கொண்டே வந்தால் புள்ளி மழைக்கு நடுவில் ஓரிடத்தில் படம் நிற்கும். அந்த இடத்தை மறுபடி கலைக்காமல் பார்த்துக்கொள்வது வீட்டில் ஒருவரின் பொறுப்பு. படம் வராவிட்டால் கேசட்டை உருவி, அடியில் உள்ள உலோகப் பற்களில் வாயால் ஊதி, மறுபடி அழுத்தினார்கள். நின்டென்டோ தன் கேசட்டுகளுக்கு இதைச் செய்ய வேண்டாம் என்றே எச்சரித்தது, எச்சிலின் ஈரம் பற்களை அரித்துவிடும் என்பதால். ஊதிய பிறகு வேலை செய்ததற்குக் காரணம் பெரும்பாலும் ஊதியது அல்ல. உருவிப் போட்டபோது பற்கள் புதிதாகத் தொட்டுக்கொண்டதுதான்.

கேசட்டின் உள்ளே இருந்ததையும் பார்க்கலாம். மஞ்சள் அல்லது கறுப்பு பிளாஸ்டிக் கூடு. ஒரு திருகைக் கழற்றினால் உள்ளங்கையை விடச் சிறிய பச்சைப் பலகை. நடுவில் தார் சொட்டு விழுந்ததுபோல் ஒரு கறுப்புப் பொட்டு. சில்லுக்கு முறையான உறை போட்டால் செலவு என்று, சிலிக்கானை நேரே பலகையில் ஒட்டி மேலே பிசின் ஊற்றிவிடுவார்கள். அந்தப் பொட்டுக்குள்தான் கான்ட்ரா இருந்தது. அமெரிக்கப் பதிப்பின் மொத்த அளவு 128 கிலோபைட். அதை ஓட்டுவதற்குக் கேசட்டில் கூடுதலாக வேண்டியிருந்தது எந்த மின்னணுக் கடையிலும் கிடைக்கும் இரண்டு சாதாரண லாஜிக் சில்லுகளும் ஒரு நினைவகச் சில்லும்தாம். ஜப்பானியப் பதிப்போ 256 கிலோபைட், அதோடு கொனாமியே வடிவமைத்த தனிச் சில்லு ஒன்றும் சேரும். அந்தச் சில்லின் தயவில் ஜப்பானியப் பிள்ளைகள் பார்த்த காட்டில் மர இலைகள் காற்றில் அசைந்தன, பனி நிலத்தில் பனி கொட்டியது, ஸ்டேஜுகளுக்கு நடுவில் வரைபடமும் கதைக் காட்சிகளும் வந்தன. நகல் செய்பவருக்கு எது மலிவோ அதுவே ஊருக்கு வரும். நம் பக்கத்து டிவிகளில் ஓடியது பெரும்பாலும் இலை அசையாத கான்ட்ரா.

மலிவுக் கணக்கு அதோடு நிற்கவில்லை. ஒரே கேசட்டில் பல விளையாட்டுகளைத் திணித்து '9999999 இன் 1' என்று அச்சிட்டார்கள். பட்டியலில் பக்கம் பக்கமாகப் பெயர்கள் ஓடும். உண்மையில் இருந்தது சில விளையாட்டுகளே. அவற்றையே வெவ்வேறு எண்களில் திரும்பத் திரும்பப் போட்டிருப்பார்கள். ஆனால் இந்த ஏமாற்றிலும் ஒரு கைவேலை இருந்தது. ஒரு எண்ணை அமுக்கினால் கான்ட்ரா முதல் ஸ்டேஜில் தொடங்கும், இன்னொரு எண்ணில் அருவியில் தொடங்கும், மற்றொன்றில் உயிர் 30 இருக்கும். யாரோ ஒரு பெயர் தெரியாத நிரலாளர் விளையாட்டைத் திறந்து, ஓரிரு எண்களை மாற்றி, புதிய பதிப்பாகவே ஆக்கியிருந்தார். தலைப்புத் திரையில் இருந்த கொனாமியின் உரிமைக் குறிப்பு பல கேசட்டுகளில் துடைக்கப்பட்டிருக்கும். மேலைநாடுகளில் 30 உயிர் பெற வேறு வழி இருந்தது. மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று வரிசையாக அமுக்க வேண்டும். கொனாமியின் கசுஹிசா ஹாஷிமோட்டோ 1986-இல் 'கிராடியஸ்' விளையாட்டின் ஃபேமிகாம் பதிப்பைச் சோதிக்கும் வேலையைச் சுலபமாக்கத் தனக்காக வைத்துக்கொண்ட குறியீடு அது. கான்ட்ரா அதை உலகறியச் செய்தது. ஹாஷிமோட்டோ 2020 பிப்ரவரியில் காலமானார். நகல் கேசட்டில் ஆடியவர்களுக்கு அவருடைய குறியீடு தேவைப்படாமலே போயிருக்கலாம். வேறொருவர் அந்த வேலையை முன்பே முடித்துவைத்திருந்தார்.

கான்ட்ராவை மற்ற விளையாட்டுகளிலிருந்து பிரித்துக் காட்டியது இருவர் ஒரே திரையில், ஒரே நேரத்தில் ஆடலாம் என்பது. பல விளையாட்டுகளில் ஒருவர் செத்தால்தான் அடுத்தவர் முறை வரும். இங்கே அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்தில் ஓடினார்கள். மூன்றாவது ஸ்டேஜான அருவியில் இந்த உறவுக்குச் சோதனை வரும். திரை மேல் நோக்கி நகரும் இடம் அது. ஒருவர் அவசரப்பட்டுப் பாறைகளில் தாவி ஏறினால் திரையும் அவரோடு ஏறிவிடும். கீழே தங்கியவர் திரைக்கு வெளியே விழுந்து உயிரை விடுவார், எதிரி ஒருவனும் சுடாமலே. உயிர் எல்லாம் தீர்ந்தவர் கூட்டாளியின் இருப்பிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளவும் வழி இருந்தது. எதிரிகள் வரும் இடங்கள் பெரும்பாலும் மாறாதவை என்பதால், திரும்பத் திரும்ப ஆடியவர்களுக்கு முழு ஸ்டேஜும் மனப்பாடம் ஆகிவிடும். முதல் ஸ்டேஜில் பாலம் எந்த இடத்தில் வெடிக்கும், தண்ணீருக்குள் எப்போது தலையை அமிழ்த்தினால் குண்டு மேலே போய்விடும் என்பதெல்லாம் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவருக்குப் போன அறிவு. வழிகாட்டிப் புத்தகம் எதுவும் கேசட்டோடு வந்ததில்லை.

இன்னொரு வேறுபாடு ஆடியவர்களுக்கே தெரியாதது. ஜப்பான், அமெரிக்க டிவிகள் நொடிக்கு 60 முறை திரையை வரைந்தன. இந்தியா கைக்கொண்ட பால் முறையில் அது 50. ஃபேமிகாம் விளையாட்டுகள் திரை வரையப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு அடி முன்னே நகரும்படி எழுதப்பட்டவை. பால் டிவிகளுக்கென யூஎம்சி செய்த படச் சில்லு இந்த விளையாட்டுகளைப் பிசகின்றி ஓட்டியது, ஆனால் நொடிக்கு 50 அடிதான். அத்தகைய நகலில் ஓடிய கான்ட்ரா அசலைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவானது. குண்டுகள் நிதானமாக வந்தன, இசையின் நடையும் தளர்ந்தது. சுதி மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. அந்தக் கருவிகளில் ஆடிப் பழகியவர் மறுவெளியீட்டை 60-இல் ஆடினால், பழைய கை வேகம் போதாமல் முதல் ஸ்டேஜிலேயே திணறுவது இயல்பு. வயது மட்டும் அதற்குக் காரணம் அல்ல.

கான்ட்ராவோடு ஒரே பெட்டியில் வந்த மற்றொரு சுடும் விளையாட்டு நின்டென்டோவின் 'டக் ஹன்ட்'. வாத்து சுடும் கேம் என்று சொன்னால்தான் பலருக்கும் தெரியும். 1984-இல் வந்த அதற்குப் பிளாஸ்டிக் துப்பாக்கி ஒன்று வேண்டும். துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, பார்க்கிறது. விசையை இழுத்த கணத்தில் திரை முழுவதும் கறுப்பாகும். அடுத்து வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். பழைய குழாய் டிவி திரையை உடனுக்குடன் வரைவதால்தான் இது நடந்தது. எல்சிடி, எல்இடி டிவிகள் படத்தைக் கொஞ்சம் தாமதித்துக் காட்டுவதால் அந்தத் துப்பாக்கி அவற்றின் முன் செயலிழந்துவிடும். 2014 டிசம்பரில் நின்டென்டோ இதை 'வீ யூ' கருவிக்கு மறுவெளியீடு செய்தபோது, துப்பாக்கிக்குப் பதில் வேறொரு ரிமோட்டால் குறிவைக்கும்படி மாற்ற வேண்டியிருந்தது. ஒரு விளையாட்டைக் காப்பாற்றுவது என்றால் கேசட்டை மட்டும் காப்பாற்றுவது அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

2000-க்குப் பிறகு டிவி கேமின் மவுசு குறைந்தது. பிரவுசிங் சென்டர்களில் கணினி விளையாட்டுகள் வந்தன, பிளேஸ்டேஷனை மணி வாடகைக்கு விடும் கடைகள் பெரிய ஊர்களிலிருந்து சிறிய ஊர்களுக்கு நகர்ந்தன. ஆனாலும் எட்டு பிட் நகல் உடனே சாகவில்லை. கருவி முழுவதும் ஒரே சில்லுக்குள் அடங்கிவிட்டதால் விலை சரிந்து, திருவிழாக் கடைகளில் பொம்மைகளோடு தொங்கியது. தமிழ்நாடு அரசு 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் 14 அங்குலக் குழாய் டிவியைக் கொண்டு சேர்த்தது. உலகம் குழாய் டிவியைக் கைவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், வாத்து சுடும் துப்பாக்கிக்கு ஏற்ற திரை பாலக்கோடு வட்டத்தின் கிராமங்கள் வரை புதிதாகப் போய்ச் சேர்ந்தது. 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் வந்தது. அதில் பழைய கருவிகளைப் போல நடிக்கும் எமுலேட்டர் நிரல்களைப் பென் டிரைவில் வாங்கி ஓட்ட முடிந்தது. 2016-க்குப் பிறகு மலிவான இணையமும் கைப்பேசியும் எல்லாவற்றையும் மாற்றின. சுடும் விளையாட்டு என்றால் பப்ஜி, ஃப்ரீ ஃபயர் என்று ஆனது.

இந்தக் கட்டத்தில்தான் கொனாமி பழைய பெட்டியைத் திறந்தது. 1969-இல் தொடங்கிய நிறுவனம் தன் 50-ஆம் ஆண்டை ஒட்டி 2019-இல் மூன்று தொகுப்புகளை வெளியிட்டது. கான்ட்ரா அவற்றில் ஒன்று. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், நின்டென்டோ ஸ்விட்ச், கணினி ஆகிய நான்குக்கும் வந்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 2016 நவம்பரில் நின்டென்டோ கொண்டுவந்த சிறிய நெஸ் கிளாசிக் பெட்டியில் 30 விளையாட்டுகள் இருந்தும் கான்ட்ராவின் அடுத்த பாகமான 'சூப்பர் சி' மட்டுமே இடம்பெற்றது; முதல் கான்ட்ரா இல்லை. அந்தக் குறை 2019-இல் தீர்ந்தது. ஆர்கேட் பதிப்பு, அமெரிக்க நெஸ் பதிப்பு, இலை அசையும் ஜப்பானியப் பதிப்பு மூன்றும் ஒரே இடத்தில். 'கான்ட்ரா 3', 'ஹார்ட் கார்ப்ஸ்' முதலானவற்றோடு சேர்த்து மொத்தம் பத்து. ஐரோப்பாவுக்காக மனித வீரர்களை ரோபோக்களாக மாற்றி 'புரோபோடெக்டர்' என்று பெயர் சூட்டிய பதிப்புகளும் உண்டு. ஜெர்மனியில் வன்முறை விளையாட்டுகள் மீதிருந்த கண்டிப்பை மனதில் வைத்துச் செய்த மாற்றம் அது. விரும்பிய இடத்தில் ஆட்டத்தைச் சேமித்து வைக்கலாம். விளையாட்டு பிறந்த விதம் பற்றிய ஆவணங்களை மின்னூலாகவும் சேர்த்திருந்தார்கள். 2024 மார்ச் 12 அன்று முதல் விளையாட்டையே புதிதாக வரைந்த 'ஆபரேஷன் கலூகா' வந்தது. செய்தது வேஃபார்வர்ட் நிறுவனம்.

ஒரு காட்சிக்கூடத்தின் அக்கறையோடு செய்யப்பட்ட தொகுப்பு இது என்பதில் ஐயமில்லை. ஜெர்மனிக்காக மாற்றிய பதிப்புக்கு இடம் கொடுத்தது. ஆனால் மாஸ்கோ முதல் பாலக்கோடு வரை கோடிக்கணக்கானோர் ஆடிய பதிப்புக்கு, அதாவது உயிர் 30-உம் உரிமைக் குறிப்பு துடைத்த தலைப்பும் நொடிக்கு 50 அடி நடையும் கொண்ட அந்த கான்ட்ராவுக்கு, அதில் இடமில்லை. உரிமையாளர் அதைச் சேர்ப்பார் என்று எதிர்பார்க்கவும் முடியாது. அந்த வரலாற்றை எழுதும் பொறுப்பு ஆடியவர்களுக்கும் ஆடவைத்தவர்களுக்கும்தான். கேசட்டில் இருக்கும் நிரலை வெளியே படித்தெடுக்கும் சிறு கருவிகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. பொட்டுக்குள் இருக்கும் சில்லு செத்துவிட்டால் அது முடியாது. பரணில் பழைய டிவி கேமும் மஞ்சள் கேசட்டும் வைத்திருப்பவர்கள் அதைக் காயலான் கடைக்குப் போடாமல், எந்த ஆண்டு, எந்த ஊர்க் கடையில், என்ன விலைக்கு வாங்கியது என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டி வைக்க வேண்டும். வாடகைக்கு விட்ட கடைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதவும் இதுவே நேரம்.